பல்பை மாற்றி என்ன பயன்?

அமெரிக்காவில் படகை டிரெய்லரில் ஏற்றி ஏரிக்கு இழுத்துப் போகிறவர்களுக்குத் தீராத தலைவலி பின்விளக்கு. வழியெல்லாம் எரிந்து சூடான பல்பு, படகை இறக்கும்போது குளிர்ந்த நீரில் முங்கினால் விரிசல் விடும். உப்புத்தண்ணீர் என்றால் ஹோல்டரில் பச்சை பூத்துவிடும். உடனே கடைக்கு ஓடி எல்இடி செட் வாங்குகிறார்கள். வாங்கட்டும், நீர் புகாமல் மூடிய எல்இடி நல்லதுதான். ஆனால் பல சமயம் குற்றவாளி விளக்கே இல்லை, எர்த் ஒயர். அங்கே வழக்கமான 4 முனை பிளக்கில் பழுப்பு பின்விளக்குக்கு, மஞ்சள் இடப்பக்கத்துக்கு, பச்சை வலப்பக்கத்துக்கு, வெள்ளைதான் எர்த். அதைத் துருப்பிடித்த சட்டத்தில் ஒரு திருகோடு விட்டுவிடுகிறார்கள். துருவைச் சுரண்டாமல், ஒவ்வொரு விளக்குக்கும் தனி எர்த் இழுக்காமல் புதுசு மாட்டுவது வீண்செலவு. இறக்குமுன் பிளக்கைக் கழற்றி, பல்பு ஆறட்டும் என்று கொஞ்சம் நிற்கத்தான் யாருக்கும் பொறுமை இல்லை.