புத்தம் புதுக் கட்டடம்... அதில் எதற்குத் துரு?

கடையில் ஒரு பொருள் வாங்குகிறோம். ஓரத்தில் சின்னக் கீறல் தெரிந்தாலே, 'வேற பீஸ் கொடுங்க' என்று கேட்போம். புதிதாகப் பெயின்ட் அடித்த சுவரில் குழந்தை கிரையான்ஸால் ஒரு கோடு போட்டுவிட்டால் வீடே இரண்டாகிவிடும்.

ஆனால், மாதக்கணக்கில் உட்கார்ந்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துப் பார்த்து ஒரு குட்டிக் கட்டடத்தைக் கட்டிவிட்டு, வேலை முடிந்த கையோடு அதன்மேல் அழுக்குத் தண்ணீரைப் பூசுகிறவர்களும் இருக்கிறார்கள். கூரைத் தகரத்தில் துரு வரைவார்கள். கதவில் பெயின்ட்டை உரிப்பார்கள். ஜன்னல் கண்ணாடியில் தூசி படியவைப்பார்கள். நன்றாக இருக்கும் பலகை ஒன்றை வேண்டுமென்றே உடைத்து வைப்பார்கள். அதுவும் சும்மா இல்லை. கட்டடம் கட்டுவதற்கு ஆன நேரம் அளவுக்கு, அதைப் பழசாக்கவும் செலவழிப்பார்கள்!

மாடல் ரயில் உலகத்தில் இதற்கு 'வெதரிங்' என்று பெயர். வெயிலும் மழையும் புகையும் முப்பது நாற்பது வருடங்களில் செய்யும் வேலையை, ஒரு பிரஷ்ஷை வைத்துக்கொண்டு ஒரே ராத்திரியில் செய்துவிடும் கலை.

21 மில்லிமீட்டர் மனிதர்கள்

மாடல் ரயில் என்றதும் நமக்குத் தோன்றுவது, வட்டமான தண்டவாளத்தில் சுற்றிச் சுற்றி ஓடும் பொம்மை ரயில். ஆனால், இதைத் தீவிரமான பொழுதுபோக்காக வைத்திருப்பவர்களுக்கு ரயில் என்பது பாதிக் கதைதான். ரயில் எங்கிருந்தோ கிளம்பி எங்கேயோ போக வேண்டும் அல்லவா? அதற்கு ஸ்டேஷன் வேண்டும். என்ஜின் ஷெட், தண்ணீர்த் தொட்டி, நிலக்கரி மேடை, சரக்குக் கிடங்கு வேண்டும். ஸ்டேஷனைச் சுற்றிக் கடைத்தெருவும் வீடுகளும் வேண்டும்.

உலகில் அதிகம் பேர் கையாளும் அளவு 'ஹெச்.ஓ.' எனப்படுவது. நிஜத்தில் 87 பங்கில் ஒரு பங்கு. ஆறடி உயர மனிதர் இந்த உலகத்தில் 21 மில்லிமீட்டர் இருப்பார். ஏழடிக் கதவு 24.5 மில்லிமீட்டர். இருபது சென்டிமீட்டர் செங்கல்லின் நீளம் இரண்டேகால் மில்லிமீட்டர்தான். இங்கே அரை மில்லிமீட்டர் தடிமனில் பெயின்ட் பூசிவிட்டால், நிஜ அளவில் அது நாலு சென்டிமீட்டருக்கு மேல் தடித்த பூச்சு. அதனால்தான் பெயின்ட்டைத் தண்ணீர் போலக் கரைத்து, மெல்லிசாகப் பல முறை பூசுகிறார்கள்.

சரி, இவ்வளவு கச்சிதமாகக் கட்டியதை ஏன் அழுக்காக்க வேண்டும்? அந்தக் கேள்விக்குப் பதில் தேடினால், அமெரிக்காவில் கலிபோர்னியா கடற்கரையில் உள்ள மான்ட்டரே என்ற ஊருக்குப் போக வேண்டும்.

போட்டோகிராபரின் கண்

ஜான் ஆலன் 1913-ல் பிறந்தவர். தொழில், போட்டோகிராபி. இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு மான்ட்டரேயில் குடியேறி, வீட்டில் ஒரு மாடல் ரயில் பாதையை உருவாக்க ஆரம்பித்தார். அதற்கு அவர் வைத்த பெயர் 'கோரி அண்ட் டெஃபீட்டட்'. எழுதும்போது ஏதோ இரண்டு ஊர்களின் பெயர் மாதிரி இருக்கும். வாய்விட்டுச் சொன்னால், 'ரத்தக்களறியாகித் தோற்றுப்போனது' என்று அர்த்தம் வரும். ரயில் கம்பெனிக்கு இப்படி ஒரு பெயர்! குறும்பு அதோடு நிற்கவில்லை. பெட்டிகளை இழுத்துவிட எம்மா என்ற டைனோசரை வைத்திருந்தார். முதுகில் தகடு தகடாக நிற்கும் ஸ்டெகோசாரஸ் வகை. என்ஜின்களைப் போலவே அதற்கும் ஒரு நம்பர் உண்டு, 13.

குறும்பு ஒரு பக்கம். வேலையில் அவர் காட்டிய கவனம் இன்னொரு பக்கம். பின்னாளில் வாங்கிய வீட்டின் பேஸ்மென்ட்டில், தரையிலிருந்து கூரை வரை எழும்பும் மலைகளைக் கட்டினார். இடம் பெரிதாகத் தெரிய, சரியான கோணங்களில் கண்ணாடிகளை ஒளித்து வைத்தார். 1940-களின் பிற்பகுதியில் அவர் செய்த ஓர் என்ஜின் ஷெட், 'மாடல் ரெயில்ரோடர்' இதழில் வந்து பலரையும் திரும்பிப் பார்க்கவைத்தது. காரணம், அது புதிதாக இல்லை. புகை படிந்து, மரம் நரைத்து, பல வருடங்களாக ஆட்கள் வேலை பார்க்கும் இடம் போலவே இருந்தது.

மாடல் என்றால் பளபளவென்று இருக்க வேண்டும் என்று பலர் நினைத்த காலம் அது. காசு கொடுத்து வாங்கிய என்ஜினில் யாராவது கரி பூசுவார்களா? ஆலன் பூசினார். கட்டடங்களில், சரக்குப் பெட்டிகளில், என்ஜின்களில், எல்லாவற்றிலும். கேமரா பிடித்த கை அல்லவா? ஒரு பொருளைப் பொம்மை என்று காட்டிக்கொடுப்பது அதன் சின்ன அளவு இல்லை. அதன்மேல் ஒரு நாள் வெயில்கூடப் படாதது போன்ற தோற்றம்தான் என்பது போட்டோவில் உடனே தெரிந்துவிடும்.

அழுக்குக்கும் ஒரு நியாயம் உண்டு

வெதரிங் என்பது இஷ்டத்துக்கு அழுக்காக்குவது இல்லை. நாலு கேள்விகளுக்குப் பதில் தெரிந்தால்தான் பிரஷ்ஷைத் தொட வேண்டும். தண்ணீர் எந்த வழியாக இறங்குகிறது? வெயில் எந்தச் சுவரில் அதிகம் விழுகிறது? புகை எங்கே போய் முட்டுகிறது? மனிதர்களின் கையும் காலும் எங்கே படுகின்றன?

இதற்கு அமெரிக்கா போக வேண்டாம். உங்கள் வீட்டு மொட்டைமாடிக்குப் போய்ப் பாருங்கள். சன்ஷேடின் நுனியில் கறுப்புக் கோடுகள் இறங்கியிருக்கும். ஜன்னல் கிரில் சுவரில் பதிந்த இடத்துக்குக் கீழே துரு, கண்ணீர் வழிந்த மாதிரி ஒரு தடம் போட்டிருக்கும். குழாய் கசியும் மூலையில் பாசி. கதவில் கைபடும் இடத்தில் மட்டும் பெயின்ட் தேய்ந்து மரம் தெரியும். எல்லாம் காரணத்தோடு நடந்தவை. எந்த அழுக்கும் முகவரி தவறி வந்து உட்காருவதில்லை!

நீராவி என்ஜின் ஷெட் என்றால், கூரையில் புகைப்போக்கியைச் சுற்றியும், என்ஜின் நுழையும் வாசலின் மேல்பக்கத்திலும் கரி அப்பியிருக்கும். அதே ஷெட்டின் பக்கச் சுவரில் அவ்வளவு கரி இருக்காது. அங்கே வெயிலில் வெளுத்த பலகை இருக்கும். சுவரின் அடியில் ஒரு விரல் உயரத்துக்குச் சேறு தெறித்திருக்கும். இந்த வித்தியாசத்தைக் கவனித்தவர் செய்த மாடலைப் பார்த்தால், என்ஜினே இல்லாமலும் அங்கே என்ஜின் வந்து போவது தெரியும்.

எப்படிச் செய்கிறார்கள்?

பொருட்கள் ஒன்றும் பெரிய விலையில்லை. பெரும்பாலும் மெல்லிய மரச் சட்டங்கள், பிளாஸ்டிக் ஷீட், அட்டை, பிளாஸ்டர்.

பழைய மரம் வேண்டுமா? கம்பி பிரஷ்ஷால் மரத்தின் ரேகையோடு ஒரே திசையில் இழுக்கிறார்கள். வரி வரியாகக் கீறல் விழும். பிறகு ஆல்கஹாலில் சில சொட்டு இந்தியன் இங்க்கைக் கலந்து பூசுகிறார்கள். இங்க் கீறல்களுக்குள் இறங்கி நின்றுவிடும், ஆல்கஹால் ஆவியாகிப் போகும். வெள்ளை மரம் பத்து நிமிடத்தில் சாம்பல் நிறக் கிழட்டு மரமாகிவிடும்.

உரிந்த பெயின்ட் வேண்டுமென்றால் தலைக்கு அடிக்கும் ஹேர் ஸ்பிரேவே உதவுகிறது. முதலில் அடியில் தெரிய வேண்டிய மரத்தின் அல்லது துருவின் நிறம். அது நன்றாகக் காய்ந்ததும் அதன்மேல் ஹேர் ஸ்பிரே. அதுவும் காய்ந்ததும் மேலே அக்ரிலிக் பெயின்ட். பிறகு ஈர பிரஷ்ஷால் லேசாகத் தேய்த்தால், நடுவில் இருக்கும் ஸ்பிரே கரைந்து, மேல் பெயின்ட் செதில் செதிலாக உதிரும்.

செங்கல் சுவருக்கு வேறு வழி. சுவர் முழுக்கச் செங்கல் நிறம் அடித்துக் காயவைத்து, வெளிர் சாம்பல் பெயின்ட்டை நீர்க்கக் கரைத்து மேலே ஓடவிடுகிறார்கள். அது இடுக்குகளில் தங்கிக்கொள்ளும். செங்கல்லின் மேல்பரப்பை மட்டும் துடைத்துவிட்டால், கொத்தனார் வைத்த சாந்து போலக் கோடுகள் நிற்கும்.

'டிரை பிரஷ்' என்று இன்னொன்று. பிரஷ்ஷில் பெயின்ட்டைத் தொட்டு, முக்கால்வாசியை டிஷ்யூ பேப்பரிலேயே துடைத்துவிட வேண்டும். மிச்சமிருக்கும் துளியைக் கொண்டு மேடான ஓரங்களை மட்டும் தடவினால், வெயிலில் வெளுத்த விளிம்புகள் எழுந்து நிற்கும். கடைசியில், பேஸ்டல் கலர் கட்டியை பிளேடால் சுரண்டிய பொடி. அதுதான் தூசி, கரி, துரு எல்லாம். கலையாமலிருக்க மேட் வார்னிஷ் ஸ்பிரே அடிப்பார்கள். ஸ்பிரே பட்டதும் பொடியின் நிறம் கொஞ்சம் மங்கும் என்பதால், முன்கூட்டியே ஒரு பிடி தூக்கலாகப் பூசிக்கொள்வதும் உண்டு.

கை எங்கே நிற்க வேண்டும்?

புதிதாக ஆரம்பிப்பவர்கள் சறுக்கும் இடம் ஒன்றுதான். ருசி கண்டுவிட்டால் கை நிற்காது. கூரையெல்லாம் துரு, சுவரெல்லாம் கரி என்று பூசித் தள்ளினால், ஊர் மொத்தமும் நேற்றுத்தான் புயலில் சிக்கியது போல ஆகிவிடும். நிஜத் தெருவில் எல்லாக் கட்டடங்களுக்கும் ஒரே வயது கிடையாது. இடிந்த கிடங்குக்குப் பக்கத்தில்தான் போன மாதம் பெயின்ட் அடித்த கடையும் இருக்கும்.

நல்ல கைகள் பூசுவதற்கு முன் ஒரு சின்னக் கதையை யோசித்துக்கொள்கின்றன. இந்த ஷெட்டின் சொந்தக்காரரிடம் கையில் காசு குறைவு. கூரை முழுக்க மாற்ற முடியவில்லை. மழை ஒழுகிய இடத்தில் மட்டும் மூன்று புதுத் தகடுகள் போட்டார். உடைந்த ஒரு ஜன்னலுக்குக் கண்ணாடி வாங்கவில்லை, பலகை அடித்து மூடிவிட்டார். ஆனால், பெயர்ப்பலகையை மட்டும் வருடா வருடம் புதுப்பிக்கிறார். இவ்வளவு யோசித்துவிட்டால், எங்கே துரு, எங்கே பளபளப்பு என்ற சந்தேகமே வராது. பார்ப்பவருக்கு அந்தக் கதையை யாரும் சொல்ல வேண்டியதும் இல்லை.

இன்னொரு பாடமும் உண்டு. சுத்தமான கறுப்பையும் சுத்தமான வெள்ளையையும் தொடாதீர்கள் என்பார்கள். தூரத்திலிருந்து பார்க்கும் கட்டடத்தில் கறுப்பு, அடர் சாம்பலாகத்தான் தெரியும். மாடலைப் பார்ப்பதும் ஒருவகையில் தூரத்திலிருந்து பார்ப்பதுதானே!

நீங்களும் முயன்று பார்க்கலாம்

பத்து ஐஸ் குச்சிகள், ஃபெவிகால், வாட்டர் கலர் போதும். கூர்மையான எதையும் பிடிக்கும் வேலையைப் பெரியவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். குச்சிகளை ஊசியால் நீளவாக்கில் கீறுங்கள். அட்டையின்மேல் வரிசையாக ஒட்டி ஒரு சுவர் ஆக்குங்கள். அட்டை வளையாமலிருக்க, பின்பக்கம் குறுக்காக இரண்டு குச்சிகள் ஒட்டுவது நல்லது. கறுப்பையும் பழுப்பையும் நிறையத் தண்ணீரில் கரைத்துப் பூசிக் காயவிடுங்கள். ஒவ்வொரு பலகையும் கொஞ்சம் வேறு நிறத்தில் இருக்கட்டும். ஓர் ஆணியின் தலை அளவுக்குப் புள்ளி வைத்து, அதன் கீழே ஆரஞ்சு கலந்த பழுப்பை மெல்லிய கோடாக இறக்குங்கள். கோடு எப்போதும் கீழ்நோக்கித்தான். துருவும் தண்ணீரோடுதான் பயணம் செய்யும்.

குழந்தைகளோடு செய்தால் இன்னொரு லாபம். மறுநாள் ஸ்கூல் போகும் வழியில், 'அந்தச் சுவத்துல ஏன் அங்க மட்டும் பச்சையா இருக்கு?' என்று கேட்க ஆரம்பித்துவிடுவார்கள்.

பத்தே நாட்களில்...

ஜான் ஆலன் 1973 ஜனவரி 6 அன்று மாரடைப்பால் காலமானார். வயது 59. அவர் போய்ப் பத்து நாட்கள்தான் ஆகியிருந்தன. அவருடைய வீட்டில் தீப்பிடித்தது. தரையிலிருந்து கூரை வரை எழுந்த மலைகள், பாலங்கள், ஒவ்வொரு பலகையாகப் பார்த்துப் பார்த்துப் பழசாக்கிய ஊர்கள் என இருபது வருட உழைப்பில் பெரும்பகுதி கருகிப்போனது. வாழ்நாளெல்லாம் ஒரு சொட்டு இங்க்கையும் ஒரு சிட்டிகைக் கரிப்பொடியையும் அளந்து அளந்து வைத்தவருடைய உலகத்தை, நிஜமான புகையும் கரியும் ஒரே நாளில் எடுத்துக்கொண்டன.

மிஞ்சியவை அவர் எடுத்த போட்டோக்களும், எழுதிய கட்டுரைகளும். 'மாடல் ரெயில்ரோடர்' ஆசிரியராக இருந்த லின் வெஸ்ட்காட் அவற்றையெல்லாம் சேர்த்து எழுதிய புத்தகம் 1981-ல் வெளிவந்தது. ஆலனின் ரயிலை நேரில் ஒருமுறைகூடப் பார்க்காதவர்கள், அந்தப் படங்களைப் பார்த்தே வேலை கற்றுக்கொண்டார்கள்.

இன்றைக்கும் எங்கேயோ ஒரு வீட்டில், எல்லோரும் தூங்கிய பிறகு, டேபிள் லைட் வெளிச்சத்தில் யாரோ ஒருவர் உள்ளங்கை அளவு ஷெட்டைக் கையில் எடுக்கிறார். பிரஷ்ஷைத் தொடுவதற்கு முன், 'இந்தக் கூரையில் மழை எந்தப் பக்கம் இறங்கும்?' என்று ஒரு நிமிடம் யோசிக்கிறார். அந்த யோசனை தீயில் எரியவில்லை.