ஒருமுறை மீட்டர் வைத்துப் பாருங்களேன்

"மாத்திருவோம், மேடம்." பழைய கார் வைத்திருக்கிற எல்லோரும் இதைக் கேட்டிருப்பார்கள். வண்டி ஸ்டார்ட் ஆகவில்லையா, பாட்டரியை மாத்திருவோம். லைட் மங்கலா, டைனமோவை மாத்திருவோம். இன்டிகேட்டர் இஷ்டத்துக்கு எரிகிறதா, சுவிட்சையே மாத்திருவோம். எது கெட்டுப்போயிருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டால் மட்டும் முகம் மாறிவிடுகிறது. ஆயில் ஒழுகினால் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு எங்கிருந்து சொட்டுகிறது என்று பார்க்கிறார்கள். புகை வந்தால் அதன் நிறத்தை வைத்துக் காரணம் சொல்கிறார்கள். கரண்ட் கோளாறு என்று வந்துவிட்டால் அந்தத் தேடல் எங்கே போய்விடுகிறது? கரண்ட் கண்ணுக்குத் தெரியாதுதான். ஆனால் அதை அளக்கும் மல்டிமீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஒரு பாட்டரி விலையில் பல மீட்டர் வாங்கலாம்.

என்னுடையது 2006இல் வாங்கிய சின்ன பெட்ரோல் கார். இஞ்சினில் இன்றுவரை பெரிய தொல்லை இல்லை, கியர் வெண்ணெயாக விழும். தொல்லை எல்லாம் வயரில்தான். தூத்துக்குடியில் கடல் காற்றின் உப்பு ஜன்னல் கம்பியையே சில வருடத்தில் தின்றுவிடும். பானட்டுக்குள் இருக்கும் செம்பும் இரும்பும் மட்டும் எப்படித் தப்பும்? போதாததற்கு 2023 டிசம்பர் மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதே, அந்த மழைதான். எங்கள் தெருவில் நின்ற வண்டிகளுக்குள் தண்ணீர் புகுந்து, மிதியடிக்குக் கீழே தேங்கியது. அப்போது எல்லோரும் உள்ளே காய வைத்து, நாற்றம் போகக் கழுவி, வண்டி ஓடுகிறது என்று நிம்மதியானோம். தண்ணீர் வடிந்தாலும் கப்ளருக்குள் புகுந்த ஈரம் போவதில்லை. செம்புக் கம்பியில் பச்சைக் களிம்பு பூத்து, பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே அது மெல்ல ஊர்ந்து மேலேறும். வெளியிலிருந்து பார்த்தால் வயர் புதிதுபோலவே இருக்கும். கோளாறு வெளியே தெரிய மாதங்கள் ஆகும், வருடம்கூட ஆகும். அதற்குள் வெள்ளத்தை எல்லோரும் மறந்திருப்பார்கள். வண்டிக்குள் எதுவரை தண்ணீர் வந்தது என்று எந்த ஒர்க்‌ஷாப்பிலும் என்னைக் கேட்டதில்லை.

என் வண்டியின் கோளாறு இதுதான். காலையில் சாவியைத் திருப்பினால் டக்கென்று ஒரு சத்தம், அதோடு சரி. சில நாள் ஒரே திருப்பில் எடுக்கும். சில நாள் வெயிலில் நின்று சூடான பிறகு அடம்பிடிக்கும். ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனால் சமர்த்தாக எடுக்கும். "இப்ப நல்லாத்தான எடுக்கு, மேடம்?" இந்த மாதிரி விட்டுவிட்டு வரும் கோளாறுக்குப் பொறுமை வேண்டும். எப்போது வருகிறது, மழை நாளா, வெயிலா, லைட் போட்டிருக்கும்போதா என்று கேட்க வேண்டும். நான் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதியே கொண்டுபோனேன். யாரும் திறந்து பார்க்கவில்லை. "வீட்ல சார் இருந்தா வரச் சொல்லுங்க, அவர்ட்ட சொல்லுதேன்" என்றார் ஒருவர். வண்டியை ஓட்டுவது நான். அந்தச் சத்தத்தைத் தினமும் கேட்பதும் நான்தான்.

முதலில் பாட்டரி மாறியது. பிறகு செல்ஃப் மோட்டாருக்குக் கார்பன் பிரஷ். பிறகு செல்ஃப் மோட்டாரே முழுசாக. அதற்கும் அடங்காமல் சாவி சுவிட்ச். ஒவ்வொன்றையும் மாற்றியதும் சில நாள் சரியாக இருக்கும், பிறகு பழையபடி டக். மாற்றும்போது டர்மினலைக் கழற்றித் துடைத்து முறுக்குகிறார்கள் அல்லவா, அந்தத் துடைப்பில்தான் அந்தச் சில நாள் நிம்மதி இருந்திருக்கிறது. அதை யாரும் யோசிக்கவில்லை. அடுத்து என்ன மாற்றலாம் என்றே யோசித்தார்கள்.

கடைசியில் காரணத்தைக் கண்டுபிடித்தது கார் மெக்கானிக் அல்ல. வீட்டு இன்வர்ட்டர் பாட்டரியைப் பார்க்க வந்த தம்பி. "ஒரு நிமிஷம் கார் பானட்டத் திறங்கக்கா, பாத்துருவோம்" என்றான். இஞ்சின் ஓடாதபோது பாட்டரியில் 12.6 வோல்ட். முழு சார்ஜில் இருக்கும் நல்ல பாட்டரிக்கு அதுதான் கணக்கு. மீட்டரின் ஒரு முனையை பாட்டரியின் நெகட்டிவ் முனையிலும், மற்றொன்றை இஞ்சின் இரும்பிலும் வைத்துக்கொண்டு, சாவியைத் திருப்பச் சொன்னான். இதற்கு இரண்டு பேர் வேண்டும், அவ்வளவுதான். அந்த இரண்டு இடத்துக்கும் நடுவில் 0.2, மிஞ்சிப்போனால் 0.3 வோல்ட் காட்டலாம். 2 வோல்ட்டுக்கு மேல் காட்டியது.

இந்த 2 வோல்ட் செல்ஃப் மோட்டாருக்குப் போய்ச் சேர வேண்டியது. வழியிலேயே வெப்பமாக வீணாகிக்கொண்டிருந்தது. பாட்டரியிலிருந்து புறப்படும் கரண்ட் மோட்டாருக்குப் போனால் மட்டும் போதாது, திரும்பி வரவும் வேண்டும். அந்தத் திரும்பும் பாதைதான் எர்த். இஞ்சினிலிருந்து பாடிக்கும், பாடியிலிருந்து பாட்டரிக்கும் இணைக்கிற பின்னல் பட்டை ஒன்று, பாட்டரி தட்டுக்குக் கீழே ஒரு போல்ட்டில் முடிகிறது. அந்தப் போல்ட்டுக்கு அடியில் துரு. சின்னக் காரின் செல்ஃப் மோட்டார்கூட இழுக்கும்போது 100 ஆம்பியருக்கு மேல் கேட்கும். அந்த இடத்தில் ஓர் ஓமில் ஐம்பதில் ஒரு பங்கு தடை இருந்தாலே 2 வோல்ட் போய்விடும். டெஸ்ட் லாம்ப் வைத்தால் பல்பு பளிச்சென்று எரியும், ஏனென்றால் பல்புக்குத் தேவை அரை ஆம்பியர்கூட இல்லை. மீட்டரில் ‘பீப்’ சத்தம் வைத்துப் பார்த்தாலும் நல்ல வயர் என்றே சொல்லும். அறுந்து ஒரே ஒரு இழை மிஞ்சியிருந்தாலும் பீப் அடிக்கும். ஆகவே பாரம் ஏற்றித்தான், அதாவது மோட்டார் இழுக்கும்போதுதான் அளக்க வேண்டும். பிளஸ் டூ இயற்பியல் புத்தகத்தைத் தாண்டிய ஞானம் எதுவும் இதற்குத் தேவையில்லை.

போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பட்டையை மாற்றி, வாசலின் தடவி முறுக்கினான். அதன் பிறகு அந்த டக் சத்தம் வரவே இல்லை. எனக்கு வந்த சந்தோஷத்தைவிட ஆத்திரம்தான் அதிகம். அப்படியானால் கழற்றி எறிந்த செல்ஃப் மோட்டார் நல்ல மோட்டார்! "பழசு எங்கே?" என்று கேட்டதற்கு, "அத எக்ஸ்சேஞ்ச்ல கடைக்காரன் எடுத்துக்கிட்டான்" என்றார்கள். வண்டியோடு கம்பெனியிலிருந்து வந்த, இன்னும் பல வருடம் உழைத்திருக்கக்கூடிய பொருள் அது. அதற்குப் பதிலாக வந்திருப்பது எந்தப் பெயரும் இல்லாத அட்டைப்பெட்டிச் சரக்கு. பழைய வண்டியில் இந்த நஷ்டத்துக்கு ஈடே இல்லை. பணம் போனால் சம்பாதிக்கலாம். நல்ல ஒரிஜினல் பாகம் போனால் எங்கே போய்த் தேடுவது?

எர்த் கெட்டால் வரும் கூத்துகள் இன்னும் எத்தனையோ. ஹெட்லைட் போட்டால் டெம்பரேச்சர் முள் இடம் மாறும். பிரேக் மிதித்தால் இன்டிகேட்டர் சேர்ந்து மினுக்கும். கரண்டுக்குத் திரும்பும் பாதை அடைபட்டால் அது பக்கத்து பல்பு வழியாக வேறு பாதை தேடிக்கொள்ளும். இஞ்சின் எர்த் அறவே போய்விட்டால் ஆக்ஸிலரேட்டர் கேபிள் வழியாகவே செல்ஃப் கரண்ட் பாய்ந்து, கேபிள் சூடேறி இறுகிப்போவதும் உண்டு. உடன் வேலை செய்யும் ஒருவரின் வண்டியில் முள் ஏறியதற்குத் தெர்மோஸ்டாட்டை மாற்றி, ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவி, கடைசியில் டாஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு எர்த் ஸ்குரூ தளர்ந்திருந்ததைக் கண்டார்கள். லைட் போடும்போது மட்டும் இஞ்சின் சூடாகுமா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லையே.

பழைய வண்டி என்பதால் இன்னொரு சுமையும் உண்டு. என்னுடையதைப் போன்ற வண்டிக்குள் கை வைத்தவர்கள் பலர். பாட்டுப்பெட்டி வைத்தவர், சென்ட்ரல் லாக் போட்டவர், ஃபாக் லைட் மாட்டியவர், ரிவர்ஸ் ஹாரன் பொருத்தியவர். ஒவ்வொருவரும் தன் வேலைக்குக் கரண்ட் எங்கே கைக்கு எட்டியதோ அங்கே வயரைச் சுரண்டி, முறுக்கி, டேப் சுற்றிவிட்டுப் போயிருக்கிறார்கள். நம் ஊர் வெயிலில் அந்த டேப்பின் பசை இளகிப் பிரிந்துவிடுகிறது. கம்பெனி ஒவ்வொரு வயருக்கும் ஒரு நிறமும், அதன்மேல் ஒரு கோட்டு நிறமும் கொடுத்திருக்கிறது. அது பின்னால் வருகிறவர்கள் படிப்பதற்காக எழுதிய எழுத்து. கையில் இருந்த ஏதோ ஒரு நிற வயரை ஒட்டுப்போட்டால் அந்த எழுத்தே அழிந்துபோகிறது. 60/55 வாட் பல்புக்காகப் போட்ட வயரிலும் சுவிட்சிலும், ரிலே வைக்காமல் 100/90 வாட் பல்பை மாட்டுகிறார்கள். சுவிட்ச் உருகினால் பழி வண்டியின் வயசுக்கு.

ஃபியூஸ் விஷயத்தில்தான் எனக்கு உண்மையிலேயே பயம். சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. நிறம் போட்டுக் கொடுத்தும் சிவப்பு இருக்க வேண்டிய இடத்தில் பச்சையைச் சொருகுகிறார்கள், "இனி போகாது" என்ற உத்தரவாதத்தோடு. போக வேண்டிய நேரத்தில் போவதுதானே ஃபியூஸின் வேலை? அது போகாவிட்டால் வயர் எரியும். எரியும் வயருக்கு ஓர் அடி தூரத்தில் குழந்தையின் கால் இருக்கிறது.

ராத்திரியில் பாட்டரி இறங்கிப்போகும் கோளாறுக்கும் இதே கதைதான். எல்லாம் அணைத்த பிறகும் ஒரு கார் 50 மில்லி ஆம்பியருக்குள் இழுத்தால் கவலை இல்லை. டிக்கியில் 5 வாட் பல்பு ஒன்று அணையாமல் இருந்தால் 0.4 ஆம்பியர், 35 ஆம்பியர்-ஹவர் பாட்டரியை நாலு நாளைக்குள் காலி செய்துவிடும். டைனமோவுக்குள் ஒரு டயோடு கெட்டிருந்தாலும் ராத்திரி முழுக்கக் கசியும். கதவைச் சாத்தி, வண்டி அடங்கும்வரை காத்திருந்து, ஒவ்வொரு ஃபியூஸின் இரு முனையிலும் மீட்டரை வைத்துப் பார்த்தால் எந்த வழியில் கசிகிறது என்று தெரிந்துவிடும். மெனக்கெட்டால் ஒரு மணி நேர வேலை. அதைச் செய்யாமல் புது பாட்டரி வைத்தால் அதுவும் அதே வழியில் சாகும்.

ஸ்கேனர் இருக்கிறதே என்பார்கள். பழைய வண்டியில் அதை மாட்ட இடமே இல்லாமலிருக்கும். இருந்தாலும் கம்ப்யூட்டர் கண்காணிக்கும் பாதைகளை மட்டும்தான் அது சொல்லும். துருப்பிடித்த போல்ட்டை அது அறியாது. அதில் வரும் பிழைக் குறியீடு காட்டுவது எந்தப் பாதையில் கோளாறு என்பதை. அதைப் படித்துவிட்டு நேராக சென்சாரை மாற்றுகிறார்கள், நடுவில் உள்ள வயரைத் தொட்டுக்கூடப் பார்க்காமல்.

மெக்கானிக்குகளை மட்டும் குறை சொல்லி முடிக்க எனக்கு மனசில்லை. அவர்கள் கையில் வயரிங் படம் இல்லை. உதிரி பாகம், சோதனைக் கருவி, பழுதுபார்க்கும் கையேடு இவற்றை வெளி ஒர்க்‌ஷாப்புகளுக்குக் கிடைக்கவிடாமல் வைத்திருந்ததற்காக, 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. 2022 டிசம்பரில் மத்திய அரசு பழுதுபார்க்கும் உரிமைக்கென்றே ஓர் இணையதளம் திறந்தது, அதில் வாகனங்களும் உண்டு. இவ்வளவுக்குப் பிறகும் எங்கள் ஊர் ஒர்க்‌ஷாப்பில் என் வண்டியின் வயரிங் படத்தை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. 15 வருடம் தாண்டிய காரின் ஆர்.சி.யைப் புதுப்பிக்கும் கட்டணத்தை 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக ஏற்ற அரசுக்குத் தெரிந்தது. எஃப்.சி.யில் லைட்டும் ஹாரனும் வைப்பரும் வேலை செய்ய வேண்டும் என்று கேட்கத் தெரிந்தது. நியாயம்தான். அவற்றைச் சரியாக வைத்துக்கொள்ளத் தேவையான அந்த ஒரு தாளையும் கொடுக்கச் சொல்லியிருக்கலாமே.

மாற்றும் முன் அளந்து பார்க்கலாமே என்று நான் ஒரு மெக்கானிக்கிடம் மனம்விட்டுச் சொன்னேன். அவர் சொன்ன பதில் இன்னும் உறுத்துகிறது. "அரை நாள் தேடி ஒரு நட்டு டைட் பண்ணிட்டு ஐநூறு ரூவா கேட்டா, ஒரு நட்டுக்கு ஐநூறான்னு கேக்காங்க மேடம். மோட்டாரு மாத்திட்டு ஆறாயிரம் கேட்டா கொடுத்துட்டுப் போயிருதாங்க." உண்மைதான். பில்லில் பார்ட்ஸ் என்று ஒரு வரி இருக்கிறது, மாட்டுகூலி என்று ஒரு வரி இருக்கிறது. கண்டுபிடித்ததற்கு வரியே இல்லை. வண்டிக்காரர்கள் கொடுக்க மறுக்கிறோம், அவர்கள் தேட மறுக்கிறார்கள். நடுவில் நல்ல மோட்டார்களும் நல்ல பாட்டரிகளும் காயலான் கடைக்குப் போகின்றன.

இப்போது என் வண்டியில் வலது பக்க ஹெட்லைட் மங்கலாக எரிகிறது. பல்பு நல்ல பல்பு, இடம் மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டேன். அந்த மெக்கானிக்கிடமே கொண்டுபோனேன். "எந்த இடத்துல வோல்ட் குறையுதுன்னு அளந்து சொல்லுங்க, எத்தனை மணி நேரம் ஆகுதோ அதுக்குப் பணம். ஒண்ணுமே மாத்தலைன்னாலும் பணம் உண்டு. பில்லுல முதல் வரியா அதை எழுதுங்க" என்றேன். அதற்கு எவ்வளவு கேட்பது என்று தெரியவில்லை, யோசித்துச் சொல்கிறேன் என்றார்.