அறியாமையால் நேர்ந்ததல்ல

இணையத்தின் தொடக்க ஆண்டுகளைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் ஒரே கதையைத்தான் சொல்கிறார்கள்: தொழில்நுட்பம் முந்திச் சென்றது, சட்டம் பின்தங்கியது, அறம் பற்றி யோசிக்க எவருக்கும் நேரமில்லை, தனியுரிமை, அதாவது தம்மைப் பற்றிய செய்திகளை யார் அறியலாம், எதற்குப் பயன்படுத்தலாம் என்று ஒருவர் தாமே முடிவு செய்யும் உரிமை, அந்த அவசரத்தில் கேட்பாரற்றுப் போயிற்று. பொறுப்பாளி என்று எவரையும் சுட்டாத இந்தக் கதை பலருக்கும் வசதியானது. ஆவணங்களோ வேறு விதமாகச் சாட்சி சொல்கின்றன. ‘குக்கீ’ எனப்படும் மிகச் சிறிய ஒரு குறிப்பின் முதல் ஏழு ஆண்டுகளை மட்டும் எடுத்துப் பார்த்தாலே, ஆபத்தை உணர வேண்டியவர்கள் உரிய காலத்தில் உணர்ந்திருந்தார்கள் என்பதும், உணர்ந்ததை எழுதியும் வைத்தார்கள் என்பதும், எழுதியது தெரிந்தே ஒதுக்கப்பட்டது என்பதும் தெளிவாகிவிடும்.

ஜெனீவாவின் செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ வடிவமைத்த வலைக்கு நினைவு கிடையாது. கேட்ட பக்கத்தை அனுப்பும் கணினியான வழங்கி, அனுப்பிய மறுகணமே கேட்டவரை மறந்துவிடும். அதே ஆள் அடுத்த நொடி வந்து நின்றாலும் அதற்கு அவர் புதியவரே. வாசிக்க வருபவருக்கு இந்த மறதி பெரும் பாதுகாப்பு. கடை நடத்த நினைத்தவர்களுக்கோ அது பெரும் தொல்லை, ஏனென்றால் கூடையில் எடுத்துப் போட்ட பொருள் பக்கம் மாறியதும் காணாமல் போய்விடும். 1994 ஜூனில், பின்னர் நெட்ஸ்கேப் என்று பெயர் மாறிய கலிபோர்னிய நிறுவனத்தில் பணியாற்றிய 23 வயது லூ மோன்டுலி இதற்குத் தீர்வு தேடினார். வாடிக்கையாளராக வந்த எம்.சி.ஐ. என்னும் தொலைபேசி நிறுவனம், பாதியில் நிற்கும் கொள்முதல்களின் விவரத்தைத் தன் வழங்கியில் சுமக்க விரும்பவில்லை. அப்படியானால் அந்த விவரத்தை வாங்குபவரின் கணினியிலேயே கொடுத்துவைத்து, அவர் திரும்ப வரும்போது காட்டச் சொல்லலாம் என்பதே மோன்டுலியின் யோசனை. அப்படிக் கொடுத்துவைக்கும் குறிப்பே குக்கீ.

கோயில் வாசலில் செருப்பு விடும் இடத்தில் தரும் டோக்கனைப் போன்றது இது. டோக்கனில் ஓர் எண் மட்டுமே இருக்கும். அந்த எண்ணுக்கு அந்தக் கடையில் மட்டுமே பொருள் உண்டு. மோன்டுலி இதில் ஒரு கட்டுப்பாட்டையும் தெரிந்தே வைத்தார். வலைப்பக்கங்களைத் திறந்து காட்டும் மென்பொருளான உலாவி ஒவ்வொன்றுக்கும் நிலையான ஓர் அடையாள எண் கொடுத்துவிடுவது அதைவிட எளிதாக இருந்திருக்கும். ஆனால் அந்த எண்ணைக் கொண்டு ஒருவரைத் தளம் தளமாகப் பின்தொடர முடியும் என்பதால் அவர் அதைத் தவிர்த்து, குக்கீயைக் கொடுத்த தளம் மட்டுமே அதைத் திரும்பப் படிக்கலாம் என்று விதித்தார். ஆகவே தனியுரிமை என்ற எண்ணமே பிறக்காத காலம் என்று 1994-ஐச் சொல்ல இடமில்லை. அந்த எண்ணம் கருவியின் வடிவத்துக்குள்ளேயே இருந்தது. (தமிழில் இதை ‘நினைவி’ என்கிறார்கள். ஆங்கிலப் பெயர் தின்பண்டத்தை நினைவூட்டி மனத்தை இளக்கிவிடுகிறது. தமிழ்ப் பெயரோ, நினைவு யாருடையது என்ற கேள்வியை உடனே எழுப்பிவிடுகிறது.)

கட்டுப்பாடு உடைந்த இடம் படங்கள். ஒரு செய்திப் பக்கத்தில் தெரியும் விளம்பரப் படம் அந்தச் செய்தி நிறுவனத்தின் வழங்கியிலிருந்து வர வேண்டும் என்பதில்லை. வேறொரு நிறுவனத்தின் வழங்கியிலிருந்தும் வரலாம், அப்படி வரும்போது அந்த வேற்று வழங்கியும் தன் குக்கீயை வைத்துச் செல்லலாம். இதுவே மூன்றாம் தரப்புக் குக்கீ. ஊரிலுள்ள எல்லாக் கோயில்களின் செருப்புக் காப்பகங்களையும் ஒரே குத்தகைதாரர் எடுத்து, வருபவருக்கு எங்கு சென்றாலும் ஒரே எண்ணுள்ள டோக்கனைக் கொடுத்தால், யார் எந்தக் கோயிலுக்கு எந்த நேரத்தில் போனார், எவ்வளவு நேரம் நின்றார் என்ற ஏடு அவர் கையில் தானாகவே சேர்ந்துவிடும். 1996-இல் நியூயார்க்கில் தொழில் தொடங்கிய டபுள்கிளிக் என்னும் விளம்பர நிறுவனம் அந்தக் குத்தகைதாரரின் இடத்தில் அமர்ந்தது.

அந்நாளைய நெட்ஸ்கேப் உலாவியின் கோப்புகளுக்கு நடுவே குக்கீகளுக்கென்று ஓர் எளிய எழுத்துக் கோப்பு இருந்தது. அதைத் திறந்தவருக்குத் தொடக்க வரிகளிலேயே கண்ணில் படுவது, இது தானாக உருவான கோப்பு, திருத்த வேண்டாம் என்ற எச்சரிக்கை. அதன்கீழ் வரிக்கு ஏழு கூறுகள்: தளத்தின் பெயர், சில அனுமதிக் குறிகள், காலாவதி நாள், குக்கீயின் பெயர், இறுதியாக அதன் மதிப்பு. காலாவதி நாள் 1970 தொடங்கிக் கடந்த நொடிகளின் எண்ணிக்கையாக எழுதப்பட்டிருக்கும். டபுள்கிளிக் குக்கீயின் வரியிலிருந்த அந்தப் பத்து இலக்க எண்ணை நாளாக மாற்றினால் 2030 நவம்பர் என்று வரும். பின்தொடர வேண்டாம் என்று அந்நிறுவனத்திடம் கேட்டுக்கொண்டவருக்கும் ஒரு குக்கீயே தரப்பட்டது, எண்ணுக்குப் பதிலாக ‘விலகியவர்’ என்று பொருள்படும் சொல்லோடு. எச்சரிக்கையுணர்வோடு குக்கீகளையெல்லாம் அழித்தவர் அந்த மறுப்பையும் சேர்த்தே அழித்துவிடுவார், மறுநாள் புதிய எண் வந்து அமரும்.

இரகசியமாக ஏடு சேர்ப்பது தவறு என்ற கொள்கையும் அப்போது புதிதல்ல. 1973-இல் அமெரிக்க நலத்துறை அமைத்த, வில்லிஸ் வேர் தலைமையிலான குழு, தனிமனிதர் பற்றிய தரவுகளைச் சேர்க்கும் எந்த அமைப்பும் அது இருப்பதே தெரியாதபடி இயங்கக் கூடாது என்றும், ஒரு காரியத்துக்காகத் திரட்டியதை ஒப்புதலின்றி வேறு காரியத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்றும் வகுத்துச் சொன்னது. அந்த அறிக்கையிலிருந்து பிறந்த 1974-ஆம் ஆண்டுச் சட்டம் கூட்டரசின் அலுவலகங்களை மட்டுமே கட்டுப்படுத்தியது, தனியார் நிறுவனங்களுக்கு வெளியே நிற்க வழிவிட்டது. ஐரோப்பா அப்படி விடவில்லை. 1995 அக்டோபரில் நிறைவேறிய அதன் தரவுப் பாதுகாப்பு நெறியாணை அரசு, தனியார் இரண்டுக்கும் பொருந்தியது.

தொழில்நுட்ப வல்லுநர்கள் இந்த விவகாரத்தில் நடந்துகொண்ட விதம் மேலும் விரிவாக நினைக்கத்தக்கது. குக்கீகளுக்குப் பொதுவான நியமம் வகுக்க இணையப் பொறியியல் பணிக்குழு 1995-இல் ஆலோசனையைத் தொடங்கியபோது, பெல் ஆய்வுக்கூடத்தின் டேவிட் கிறிஸ்டல் அப்பணியை முன்னின்று நடத்தினார். மூன்றாம் தரப்புக் குக்கீயின் ஆபத்தைக் குழு 1996 பிப்ரவரிக்குள் இனம்கண்டுவிட்டது. அதே மாதம் லண்டன் ஃபைனான்ஷியல் டைம்ஸில் வெளியான கட்டுரையால் பொதுமக்களுக்கும் செய்தி எட்டியது. 1997 பிப்ரவரியில் கிறிஸ்டலும் மோன்டுலியும் இணைந்து எழுதி, ஆர்.எஃப்.சி. 2109 என்ற எண்ணோடு வெளிவந்த நியமம், பயனர் தாம் எங்கே தொடர்புகொள்கிறோம் என்று முன்கூட்டிப் பார்க்க வழியில்லாத இத்தகைய தொடர்புகளுக்குச் ‘சரிபார்க்க இயலாத பரிமாற்றம்’ என்று பெயரிட்டு, அவற்றில் குக்கீ வைப்பதை உலாவி தடுக்க வேண்டும் என்றது. விரும்புவோருக்காக விலக்களிக்கும் வசதி இருக்கலாம், ஆனால் அது முன்னிருப்பில் அணைந்தே இருக்க வேண்டும் என்றது. முன்னிருப்பு என்பது பயனர் எதையும் மாற்றாதபோது கருவி தானாக இருக்கும் நிலை. பெரும்பாலோர் எதையும் மாற்றுவதில்லை என்பதால், அந்த நிலையைத் தீர்மானிப்பவரே மற்ற எல்லோருக்கும் சேர்த்துத் தீர்மானித்துவிடுகிறார்.

நியமத்துக்குச் சட்டத்தின் வலு இல்லை. விளம்பர நிறுவனங்கள் தங்கள் தொழில் கெடும் என்று ஆட்சேபித்தன. நெட்ஸ்கேப், மைக்ரோசாஃப்ட் இரண்டின் உலாவிகளும் மூன்றாம் தரப்புக் குக்கீகளை முன்னிருப்பாக ஏற்றுக்கொண்டே இருந்தன. நியமத்தை எழுதியவர்களில் ஒருவர் குக்கீயையே உருவாக்கியவர் என்பதை மனத்தில் வைத்துப் பார்த்தால், இதை அறியாமை என்று சொல்லி மன்னிக்க இயலாது.

1999-இல் டபுள்கிளிக், அஞ்சல்வழி விற்பனையில் சேர்ந்த குடும்பங்களின் கொள்முதல் வரலாறுகளைப் பெயர், முகவரியோடு வைத்திருந்த அபாகஸ் டைரக்ட் நிறுவனத்தை வாங்கியது. அதுவரை எண்ணாக மட்டும் இருந்தவருக்கு இனி பெயரும் வீட்டு வாசலும் சேரும் என்பது வெளிப்பட்டதும் எதிர்ப்பு கிளம்பிற்று. 2000 மார்ச்சில் நிறுவனத்தின் தலைவர் கெவின் ஓ’கானர், விதிமுறைகள் உருவாகும் முன் எண்ணோடு பெயரை இணைக்கத் திட்டமிட்டது தவறு என்று ஒப்புக்கொண்டு பின்வாங்கினார். நீதிமன்றமோ நிறுவனத்தின் பக்கமே நின்றது. 2001 மார்ச்சில் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் பயனர்கள் தொடுத்த வழக்கைத் தள்ளுபடி செய்தபோது கையிலிருந்த சட்டங்கள் 1980-களில் ஒட்டுக்கேட்பவரையும் கணினிக்குள் அத்துமீறி நுழைபவரையும் மனத்தில் வைத்து இயற்றப்பட்டவை. உரையாடலில் ஈடுபட்ட ஒரு தரப்பு இசைந்தால் போதும் என்பது ஒட்டுக்கேட்புக்கு எதிரான சட்டத்தின் விதி. செய்தித் தளமும் வாசகரும் பேசிக்கொள்ளும் இரு தரப்புகள், தளம் விளம்பர நிறுவனத்துக்கு இசைவு தந்திருக்கிறது, ஆகவே குற்றமில்லை என்று நீதிமன்றம் கண்டது. அத்துமீறலுக்கான சட்டம் 5,000 டாலர் இழப்பைக் காட்டச் சொன்னது. தாம் வாசித்தது பிறருக்குத் தெரிந்துபோனதன் விலையை எந்த வாசகராலும் டாலரில் எழுதிக் காட்ட முடியவில்லை. தீர்ப்பு சட்டத்தின் எழுத்துக்குப் பொருந்தியதே. வாசகரின் இசைவு என்று ஒன்று வேண்டும் என்பது அந்த எழுத்தில் எங்குமே இல்லை.

அந்த இசைவை ஐரோப்பிய ஒன்றியம் 2009-இல், மின்னணுத் தொடர்புகளின் தனியுரிமைக்கான தன் தனி நெறியாணையைத் திருத்திக் கட்டாயமாக்கியது. முன்பே குறியிட்டுவைத்த பெட்டி ஒப்புதலாகாது என்று அதன் நீதிமன்றம் 2019 அக்டோபரில் தீர்ப்பளித்தது. உலாவியின் முன்னிருப்பில் ஒருமுறை தீர்த்திருக்கக்கூடிய கேள்வி இவ்வாறு ஒவ்வொரு தளத்தின் வாசலிலும் ஒரு பெட்டியாக எழுந்து, களைத்துப்போன வாசகரிடம் மீண்டும் மீண்டும் கேட்கப்படுகிறது.

டபுள்கிளிக்கை 2008 மார்ச்சில் 310 கோடி டாலருக்கு வாங்கி முடித்த கூகுள், அதே ஆண்டு செப்டம்பரில் குரோம் உலாவியை வெளியிட்டது. ஆப்பிளின் சஃபாரி 2003 முதல் ஓரளவும் 2020-இல் முழுமையாகவும் மூன்றாம் தரப்புக் குக்கீகளை முன்னிருப்பிலேயே தடுத்துவிட்டது. இரண்டு ஆண்டுகளுக்குள் தானும் அவற்றை நீக்கப்போவதாக 2020 ஜனவரியில் அறிவித்த கூகுள், கெடுவைப் பலமுறை தள்ளிவைத்து, 2024 ஜூலையில் அத்திட்டத்தைக் கைவிட்டது. பயனரிடம் தனியாக ஒரு கேள்வி கேட்பதாகச் சொன்னதையும் 2025 ஏப்ரலில் விட்டுவிட்டது. உலகில் மிக அதிகமானோர் பயன்படுத்தும் அந்த உலாவியில், 1997-ஆம் ஆண்டு நியமம் அணைத்துவைக்கச் சொன்ன வசதி, பயனர் கைவைக்காத வரை எரிந்துகொண்டிருக்கிறது.