டிஸ்க் போனால் கம்ப்யூட்டர் போச்சா?

ஹார்டு டிஸ்க் கெட்டுப்போனதும் கம்ப்யூட்டரைக் காயலான் கடையில் போடுகிறார்கள். அது வீண் நஷ்டம்!

டிஸ்க் இல்லாமலும் கம்ப்யூட்டர் ஓடும். அதற்கு 'பி.எக்ஸ்.இ.' என்ற முறை இருக்கிறது. சுவிட்சைப் போட்டதும் அதன் நெட்வொர்க் கார்டு, "என் முகவரி என்ன?" என்று கேட்கும். வீட்டில் உள்ள இன்னொரு கம்ப்யூட்டர் முகவரி கொடுக்கும். லினக்ஸையும் கம்பி வழியே அனுப்பும். கோப்புகள் எல்லாம் அங்கேயே இருக்கும்.

லினக்ஸுக்கு விலை கிடையாது. 1999-ல் தோன்றிய எல்.டி.எஸ்.பி. என்ற திட்டம், இதே வழியில் பள்ளிக்கூடங்களின் பழைய கம்ப்யூட்டர்களுக்கு உயிர் கொடுத்தது.

ஆனால் ஒரு எச்சரிக்கை! தாய்க் கம்ப்யூட்டர் படுத்தால் மற்றவையும் படுத்துவிடும். ஆகவே கோப்புகளுக்கு நகல் எடுத்து வைக்க வேண்டும்.

ஒரே டிஸ்கில் மூன்று பிள்ளைகள் படிக்கலாம் என்றால், பழையதைத் தூக்கி எறிவானேன்?