லைசென்ஸ் துப்பாக்கியோட காலேஜுக்குள்ள போகலாமா? விதி என்ன சொல்லுது?

திண்டுக்கல் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் ஒருவர், லைசென்ஸ் வாங்கிய கைத்துப்பாக்கியைச் சட்டைக்குள் மறைத்தபடி மகளுக்கு ஃபீஸ் கட்ட கல்லூரிக்குள் போகிறார் என வைத்துக்கொள்வோம். யார் கண்ணிலும் படல. இது தப்பா?

தப்புதான். 2016-ம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, பொது இடத்தில் கைத்துப்பாக்கியை உறையில் போட்டு எடுத்துச் செல்லலாம். ஆனால் லைசென்ஸ் நிபந்தனைகளிலேயே சில இடங்களுக்குத் தடை இருக்கு: சந்தை, மத ஊர்வலம், மக்கள் கூடும் கூட்டம், அப்புறம் கல்வி நிறுவன வளாகம். மறைத்து வைத்தீர்களா என்பது அங்கே கேள்வியே இல்லை. உள்ளே கொண்டுபோனாலே மீறல். காரில் வைத்துவிட்டு இறங்கினாலும், கார் நிற்பது வளாகத்துக்குள்தானே!

'பிரின்சிபால் நமக்குத் தெரிஞ்சவர்' என்பதும் எடுபடாது. சிறப்பு அனுமதி தர வேண்டியவர் மாவட்ட மாஜிஸ்திரேட், அதாவது கலெக்டர்.

மீறினால், 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டம் 30-வது பிரிவின்படி 6 மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். துப்பாக்கி வாங்கும் வசதி உள்ளவருக்கு 2,000 ரூபாய் ஒரு தொகையா? ஆனா 17-வது பிரிவில் லைசென்ஸே ரத்தாகலாம். பெரிய அடி அதுதான்.

மாணவர்கள்? விளையாட்டுப் பயிற்சி போன்ற விலக்குகள் தவிர, 21 வயது ஆகாதவர்கள் துப்பாக்கி வைத்திருக்கவே முடியாது.

அமெரிக்காவின் டெக்சாஸில் கதை நேர் எதிர். 2016 ஆகஸ்ட் 1 முதல் அங்குள்ள அரசுப் பல்கலைக்கழகங்களில், சில பகுதிகள் தவிர, லைசென்ஸ் உள்ளவர்கள் துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லலாம். வெளியே தெரியும்படி வைத்திருந்தால்தான் அங்கே சிக்கல்.