பேட்டரி வாங்கும் முன் மீட்டரைப் படியுங்கள்

2024 மே 2 அன்று தமிழகத்தின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அதுவரை காணாத உச்சம். இப்படியொரு எண் வெளியாகும்போதெல்லாம் 'சமாளித்துவிட்டோம்' என்று மார்தட்டிக்கொள்வது நம் ஆட்சியாளர்களுக்கு வழக்கமாகிவிட்டது. சிக்கல் அந்த ஒரு நாளில் இல்லை. ஆண்டு முழுவதும் மாலை ஆறு மணிக்குப் பிறகுதான் இருக்கிறது. நண்பகலில் தாராளமாக வரும் சூரிய மின்சாரம் பொழுது சாய்ந்ததும் நின்றுவிடுகிறது. கடைவீதிகளில் விளக்குகள் எரியத் தொடங்குவதும் அப்போதுதான். காற்றாலை ஓயும் மாதங்களில் இந்த இடைவெளியை அடைக்க மின்சந்தைக்குத்தான் ஓட வேண்டும். அங்கே மாலைநேர விலை, உச்சவரம்பான யூனிட் 10 ரூபாயைத் தொட்டுவிடுவது சாதாரணம்.

பகலில் மிஞ்சுவதைச் சேமித்து மாலையில் செலவிடுவதே இதற்கு வழி. காடம்பாறையில் 400 மெகாவாட் நீரேற்று மின்நிலையத்தை 1980களிலேயே கட்டிய மாநிலம் இது; சேமிப்பு நமக்குப் புதிதல்ல. இப்போது பேட்டரியின் முறை. 500 மெகாவாட் திறனில், இரண்டு மணி நேரம் மின்சாரம் தரக்கூடிய பேட்டரி நிலையங்களுக்குத் தமிழ்நாடு பசுமை எரிசக்திக் கழகம் 2025இல் டெண்டர் கோரியது. புதிய சூரிய மின் திட்டங்களோடு, அவற்றின் திறனில் பத்து சதவீதமாவது இரண்டு மணி நேரச் சேமிப்பையும் சேர்க்க வேண்டும் என்று மத்திய மின்சார ஆணையமும் அதே ஆண்டு பிப்ரவரியில் அறிவுறுத்தியது. எங்கு பார்த்தாலும் இரண்டு மணி நேரம். யாருடைய மாலையைப் பார்த்து இந்த அளவு எடுத்தார்கள்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாளொன்றுக்கு 2,400 யூனிட் செலவழிக்கும் மூன்று கட்டடங்கள் இருப்பதாகக் கொள்வோம். ஒன்று மருத்துவமனை, இரவும் பகலும் 100 கிலோவாட். அடுத்தது ஜவுளிக்கடை, காலை பத்து முதல் இரவு பத்து வரை 200 கிலோவாட். மூன்றாவது அலுவலகம், காலை எட்டு முதல் மாலை ஆறு வரை 240 கிலோவாட், அதன் பிறகு வாட்ச்மேன் அறையின் டியூப்லைட் மட்டும். மாதக் கடைசியில் மூன்றும் காட்டும் யூனிட் ஒன்றே. ஆனால் மாலை ஆறிலிருந்து பத்து வரையிலான உச்சநேரத்துக்கு மருத்துவமனைக்கு 400 யூனிட் வேண்டும், ஜவுளிக்கடைக்கு 800 வேண்டும், அலுவலகத்துக்கு ஒன்றுமே வேண்டாம். சராசரி எடுத்துத் தலைக்கு 400 யூனிட் பேட்டரி என்று திட்டம் போட்டால் என்ன ஆகும்? மருத்துவமனை தப்பிக்கும். ஜவுளிக்கடையின் பேட்டரி, கூட்டம் அலைமோதும் எட்டு மணிக்குத் தீர்ந்துபோகும். அலுவலகத்தில் வைத்தது சும்மா கிடக்கும்.

நம் கட்டண அட்டவணை இந்த வேறுபாட்டைப் பார்ப்பதேயில்லை. வேறெந்தப் பிரிவிலும் அடங்காத இணைப்புகளெல்லாம் தாழ்வழுத்த ஐந்தாம் பிரிவில் போய் விழுகின்றன. பெட்டிக்கடையும் கல்யாண மண்டபமும் அங்கே ஒன்றுதான். கணக்கெடுப்பவர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்து மொத்த யூனிட்டைக் குறித்துக்கொண்டு போகிறார். அந்த மின்சாரம் எந்த நேரத்தில் செலவானது என்பது அவருடைய கருவிக்குத் தெரியாது.

கல்யாண மண்டபத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல்நாள் மாலை வரவேற்புக்கு ஏசி முழுவீச்சில் ஓடும். மறுநாள் விடியலுக்கு முன்பே சமையற்கட்டு விழித்துவிடும். மதியப் பந்தி முடிந்தால் இருட்டு. ஆடியிலும் மார்கழியிலும் மாதம் முழுக்கப் பூட்டு. பஞ்சாங்கத்தைப் பார்த்தே அதன் மின்தேவையைச் சொல்லிவிடலாம். கோயம்பேடு சந்தையோ, ஊர் உறங்கும் நேரத்தில்தான் சுறுசுறுப்பாகிறது. ஜவுளிக்கடைகளுக்கு ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தைக் காற்றாலைகள் தாங்கிவிடும்; அது காற்றுக்காலம். தீபாவளிக் கூட்டம் வருவதோ காற்று ஓய்ந்து, வடகிழக்குப் பருவமழை மேகம் கவியும் நாட்களில். பகலில் பேட்டரியை நிரப்ப வெயில் போதாது, மாலையில் அதை உறிஞ்சும் கூட்டமோ ஆண்டிலேயே அதிகம். சேமிப்பின் அளவைத் தீர்மானிக்க வேண்டியவை அந்தச் சில வாரங்கள்தான். ஆண்டுச் சராசரியில் அவை கரைந்து காணாமல் போய்விடும்.

மாநிலம் முழுவதற்கும் கூட்டினால் இந்த ஏற்ற இறக்கமெல்லாம் ஒன்றையொன்று சமன் செய்துகொள்ளும், தனித்தனியாகப் பார்ப்பானேன் என்று பொறியாளர்கள் சிலர் கேட்கக்கூடும். மாநிலக் கட்டுப்பாட்டு மையத்தின் திரையில் அது சரி. பாண்டி பஜாரின் டிரான்ஸ்பார்மருக்கு அந்தச் சமாதானம் உதவாது. பழைய மகாபலிபுரம் சாலையின் அலுவலகங்கள் மாலையில் மின்சாரத்தைக் குறைத்துக்கொள்வதால் தியாகராய நகரின் கேபிள் குளிர்ந்துவிடாது. எந்தத் துணைமின் நிலையத்தில் எத்தனை மணி நேரப் பேட்டரி என்பது அந்தந்தப் பகுதிக் கட்டடங்களைப் பொறுத்தது.

இதைக் கண்டறியப் புதிய விஞ்ஞானம் ஏதும் வேண்டாம். ஸ்மார்ட் மீட்டர் கால் மணிக்கொருமுறை பதிவு செய்தால் ஒரு நாளைக்கு 96 எண்கள். அந்த 96 எண்களும் ஒரே விதமாக ஏறி இறங்கும் கட்டடங்களை ஒரு குழுவில் சேர்க்கும் கணினி முறைகள் பல பத்தாண்டுகளாகப் புழக்கத்தில் உள்ளன. ஓர் எச்சரிக்கை: குழு பிரிப்பவர்கள் ஏறி இறங்கும் வடிவத்தை மட்டும் பார்த்து அளவை மறந்தால், தெருமுனைத் துணிக்கடையும் ஏழு மாடி ஜவுளி மாளிகையும் ஒரே தட்டில் அமரும். வார நாள், ஞாயிறு, பண்டிகை நாள் என்று பிரிக்காவிட்டால் அதுவும் பாழ். உரிமையாளர் பெயர், இணைப்பு எண்ணையெல்லாம் நீக்கிவிட்டுத்தான் இந்தப் பதிவுகளை வெளியே தர வேண்டும். ஒரு கடை எப்போது ஆளில்லாமல் இருக்கிறது என்பதைக்கூட அவை காட்டிக்கொடுத்துவிடும்.

பதிவுகள் இல்லை என்று கைவிரிக்க முடியாது. உயரழுத்த இணைப்புகளில் உச்சநேரப் பயன்பாட்டைத் தனியாகப் பிரித்துக் காட்டும் மீட்டர்கள் ஏற்கெனவே உள்ளன. அந்த நேரத்துக்குக் கூடுதல் கட்டணமே வசூலிக்கிறார்கள். தியாகராய நகரில் முன்னோடித் திட்டமாக ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்மார்ட் மீட்டர்களைப் பொருத்தினார்கள். மாநிலம் முழுவதற்குமான மீட்டர் டெண்டர் 2024 டிசம்பரில் ரத்தானது உண்மைதான். அதற்காக, தமிழகத்தின் மிகப்பெரிய கடைவீதியில் கையில் இருப்பதைப் படிக்காமல் விடுவதா?

பேட்டரி ஒப்பந்தம் போட்டால் பத்து, பதினைந்து ஆண்டுகளுக்கு நாம் கட்டுப்பட்டுவிடுகிறோம். தவறான இடத்தில் தவறான அளவில் வைத்ததற்கும் மாதாமாதம் வாடகை கொடுத்தே ஆக வேண்டும். அது கடைசியில் நம் மின்கட்டணத்தில்தான் வந்து நிற்கும். எனவே தியாகராய நகரின் ஓராண்டு மீட்டர் பதிவுகளைக் கட்டடக் குழுவாரியாகப் பிரித்து மின்வாரியம் பொதுவெளியில் வைக்கட்டும். எந்தத் துணைமின் நிலையத்துக்கு, எந்தக் குழுவின் தேவைக்காக, எத்தனை மணி நேரம் என்ற விளக்கம் இல்லாமல் அடுத்த பேட்டரி டெண்டர் வந்தால், மின்சார ஒழுங்குமுறை ஆணையம் அதற்கு ஒப்புதல் தராமல் திருப்பி அனுப்ப வேண்டும்.