முற்றுகை நாளில் வாங்கிய நிலம்

ஊரைச் சுற்றிப் பகைவனின் படை நிற்கிறது. உள்ளே பஞ்சம். கோட்டைச் சுவர் இன்றைக்கு விழுமோ, நாளைக்கு விழுமோ என்று மக்கள் நடுங்குகிறார்கள்.

அப்படிப்பட்ட நாளில் யாராவது நிலம் வாங்குவார்களா?

ஒருவர் வாங்கினார். அதுவும், காவலில் இருந்தபடியே வாங்கினார்! அவர் பெயர் எரேமியா. யூதர்களின் தீர்க்கதரிசி. ஊர், எருசலேம். காலம், ஏறத்தாழ கி.மு. 587.

தீர்க்கதரிசி என்றதும் நம்மில் பலருக்கு ஜோசியர் நினைவு வருகிறது. நாளை நடப்பதை இன்றே சொல்பவர் என்று எண்ணுகிறோம். அது பாதிதான் சரி. யூத வேதத்தில் தீர்க்கதரிசிக்கு முதல் வேலை, கடவுள் சொன்னதை மக்களிடம் சொல்வது. மக்களின் அழுகையைக் கடவுளிடம் கொண்டுபோவதும் அவர் வேலைதான்.

ஏசாயா, எரேமியா, எசேக்கியேல் என்று மூன்று பெரிய நூல்கள் இவர்கள் பெயரில் இருக்கின்றன. சிறிய நூல்கள் 12. எதைத் திறந்தாலும் முதலில் காதில் விழுவது கண்டிப்புதான். ஏழையை ஏமாற்றினாய், விதவையைக் கைவிட்டாய் என்று அரசனையும் விடாமல் திட்டுகிறார்கள்.

பிறகு ஏன் துக்கப்பட்டவர்கள் அந்த நூல்களைத் தேடிப் போகிறார்கள்? அங்கே கிடைக்கும் நம்பிக்கை பொய் கலக்காதது. அதனால்தான் என்பது என் எண்ணம்.

இரண்டு ஆண்டா, எழுபது ஆண்டா?

கி.மு. 597-ல் பாபிலோன் மன்னன் நேபுகாத்நேச்சார் எருசலேமைப் பிடித்தான். அரசனையும், பெரிய மனிதர்களையும், கொல்லர் தச்சர்களையும் பாபிலோனுக்குக் கொண்டுபோனான். மீதிப் பேர் ஊரிலேயே இருந்தார்கள்.

"போனவர்கள் எப்போது திரும்புவார்கள்?" எல்லோர் வாயிலும் இதே கேள்வி.

அனனியா என்று ஒருவர் எழுந்தார். அவரும் தம்மைத் தீர்க்கதரிசி என்றே சொல்லிக்கொண்டார். இரண்டே ஆண்டில் எல்லோரும் திரும்பிவிடுவார்கள் என்று கோவிலில் நின்று சொன்னார். கேட்டவர்களுக்கு எவ்வளவு இனித்திருக்கும்!

எரேமியா சொன்ன கணக்கு வேறு. அவர் சொன்னது 70 ஆண்டு.

இதில் நம்பிக்கை தந்தவர் யார்? அனனியா என்றுதான் தோன்றும். ஆனால் யோசித்துப் பாருங்கள். இரண்டு ஆண்டில் ஊர் திரும்புவோம் என்று நம்புகிறவன் மூட்டையை அவிழ்க்கமாட்டான். வீடு கட்டமாட்டான். பெண்ணுக்கு வரன் பார்க்கமாட்டான். இரண்டு ஆண்டு போய், மூன்றாவது ஆண்டும் வந்துவிட்டால் அவன் உடைந்துபோவான்.

எரேமியா பாபிலோனில் இருந்தவர்களுக்கு ஒரு கடிதம் அனுப்பினார். வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்யுங்கள் என்று அதில் எழுதினார். அதோடு விடவில்லை. நீங்கள் இருக்கும் ஊர் நன்றாக இருக்கக் கடவுளை வேண்டுங்கள் என்றார். அது யார் ஊர்? தங்களைச் சிறைபிடித்தவன் ஊர்!

இப்படியெல்லாம் பேசியதால் அவரைத் துரோகி என்றார்கள். ஒரு சமயம் சேறு நிறைந்த கிணற்றுக்குள் இறக்கிவிட்டார்கள். அரண்மனையில் வேலை பார்த்த எத்தியோப்பியர் ஒருவர்தான் காப்பாற்றினார். கயிறு அறுத்துவிடாமல் இருக்க, கந்தல் துணிகளை அக்குளில் வைத்துக்கொள்ளச் சொல்லித் தூக்கினாராம். இந்தச் சின்ன விஷயத்தைக்கூட மறக்காமல் எழுதி வைத்திருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

கோவில் இல்லாத ஊரில்

நாடு கடத்தப்பட்டவர்களுக்கு இன்னொரு கவலை. கடவுளின் வீடு எருசலேம் கோவில். பலி கொடுப்பதும் அங்கேதான். அந்நிய மண்ணில் கூப்பிட்டால் அவர் காதில் விழுமா?

விழும் என்றது எரேமியாவின் கடிதம். முழு மனதோடு தேடினால் அங்கேயே கடவுளைக் காணலாம் என்றது. அந்தக் கடிதத்தில் இதைவிடப் பெரிய செய்தி இல்லை என்பேன்.

எசேக்கியேலும் நாடு கடத்தப்பட்டவர்தான். புரோகிதர் குலத்தில் பிறந்தவர். கோவிலில் வேலை செய்திருக்க வேண்டியவர், பாபிலோனில் கேபார் ஆற்றங்கரையில் இருந்தார். அங்கே அவருக்கு ஒரு தரிசனம் கிடைத்தது. கடவுளின் சிம்மாசனம் தெரிந்தது. அதன் கீழே சக்கரங்கள்! எந்தத் திசையிலும் ஓடக்கூடிய சக்கரங்கள். மக்கள் போன இடத்துக்குக் கடவுளும் வந்துவிட்டார்.

நெருக்கம் என்றால் எப்போதும் இனிமையாக இருப்பதல்ல. எரேமியா கடவுளோடு சண்டை போட்டிருக்கிறார். என்னை ஏமாற்றிவிட்டீரே என்று கேட்டிருக்கிறார். பிறந்த நாளையே சபித்திருக்கிறார். அந்தப் பேச்சை யாரும் வெட்டி எறியவில்லை. வேதத்திலேயே வைத்திருக்கிறார்கள். நோயாளிக்குப் பக்கத்தில் இரவெல்லாம் விழித்திருந்து, "ஏன் சாமி?" என்று கேட்கிற தாய்க்கும் அங்கே இடம் உண்டு.

பதினேழு சேக்கல்

இப்போது நிலத்துக்கு வருவோம்.

படை முற்றுகை போட்டிருந்தது. ஊர் தோற்கும் என்று சொன்னதற்காக, சிதேக்கியா மன்னன் எரேமியாவைக் காவல் முற்றத்தில் அடைத்து வைத்திருந்தான். அங்கே அவருடைய தந்தையின் சகோதரர் மகன் அனாமெயேல் வந்தார். ஆனதோத்தில் இருக்கும் என் நிலத்தை வாங்கிக்கொள், உறவுமுறையில் உனக்குத்தான் உரிமை என்றார். ஆனதோத் எரேமியாவின் சொந்த ஊர். எருசலேமுக்குப் பக்கம். சுற்றுப்புறமெல்லாம் பாபிலோன் படை கையில். அந்த நிலத்தால் யாருக்கு என்ன பயன்?

எரேமியா வாங்கினார். விலை 17 சேக்கல் வெள்ளி. அங்கே அப்போது நாணயம் கிடையாது. தராசில் நிறுத்துத்தான் கொடுப்பார்கள். நம் கணக்கில் 190 கிராம் வெள்ளி இருக்கும்.

பத்திரம் எழுதினார்கள். சாட்சிகள் கையெழுத்துப் போட்டார்கள். முத்திரை வைத்த பிரதி ஒன்று, திறந்த பிரதி ஒன்று. எழுத்தர் பாருக்கிடம் இரண்டையும் கொடுத்து, மண் ஜாடியில் பத்திரமாக வைக்கச் சொன்னார். நெடுநாள் கெடாமல் இருக்க வேண்டும் அல்லவா? இந்த நாட்டில் மறுபடியும் வீடும் வயலும் வாங்குவார்கள் என்பது கடவுளின் வாக்கு என்றார்.

மண் ஜாடியின் அருமை 1947-ல் உலகத்துக்கே தெரிந்தது. சாக்கடலுக்குப் பக்கத்தில் கும்ரான் குகையில் ஜாடிகளும் பழைய தோல் சுருள்களும் அகப்பட்டன. அவற்றில் ஏசாயா நூல் ஒன்று. நீளம் 7 மீட்டருக்கு மேல். வயது சுமார் 2,100 ஆண்டு! பிறகு எரேமியா நூலின் துண்டுகளும் அந்த வட்டாரத்தில் கிடைத்தன.

எரேமியா சொன்னபடியே நகரம் விழுந்தது. கோவில் எரிந்தது. கி.மு. 538-ல் பாரசீக மன்னன் கோரேசு யூதர்கள் திரும்பிப்போக அனுமதி கொடுத்தான். புதுக் கோவில் கி.மு. 516 வாக்கில் முடிந்தது. எல்லோரும் திரும்பவில்லை. பாபிலோனிலேயே வீடு கட்டித் தங்கியவர்களும் ஏராளம். அந்த மண்ணில் யூதர்கள் 2,500 ஆண்டு வாழ்ந்தார்கள். 1950, 1951-ம் ஆண்டுகளில்தான் ஈராக்கிலிருந்து பெருங்கூட்டமாக வெளியேறினார்கள்.

எரேமியா அந்த நிலத்தில் ஏர் ஓட்டியதாக வேதத்தில் இல்லை. அவரை எகிப்துக்கு இழுத்துப் போய்விட்டார்கள் என்றுதான் இருக்கிறது.

நிலம் வாங்கிய கையோடு அவருக்கும் சந்தேகம் வந்தது. ஊரே எதிரி கைக்குப் போகிறது, என்னை நிலம் வாங்கச் சொன்னீரே என்று ஜெபத்தில் கேட்டார். யூத ஆலயங்களில் ஓய்வுநாள்தோறும் தீர்க்கதரிசிகளின் நூலிலிருந்து ஒரு பகுதி வாசிப்பார்கள். இந்த நிலக்கதையும் அந்த வரிசையில் உண்டு. தம்மால் ஆகாத காரியம் ஏதாவது உண்டா என்று கடவுள் எரேமியாவைத் திருப்பிக் கேட்கிறார். வாசிப்பவர் அந்தக் கேள்வியோடு நிறுத்திவிடுகிறார்.